குறை சொல்ல எட்டும் தூரம்

கிராமத் தொண்டுக்கு வர விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்ன வேலை செய்யணும்?" என்பதைத்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த வேலையையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில், அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன்: எங்கே குடியிருப்பது? மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுவது, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவது, கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவது என்று வேலை எதுவாகவும் இருக்கலாம். எது தேவை என்பதை ஊரே போகப்போகச் சொல்லிவிடும். ஆனால் நாம் செய்யும் வேலையில் குறை இருந்தால், அதைச் சொல்ல ஊர்க்காரர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது நாம் வீடு பிடிக்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. தொண்டு பெறுகிறவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்து, தொண்டரை வாசலில் நிறுத்திக் கேட்க முடிய வேண்டும். அது முடிகிற இடத்தில் தொண்டு திருந்துகிறது. முடியாத இடத்தில் நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும் கெட்டுப்போகிறது. எளிமை, தியாகம் பற்றிய பேச்சை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூரை வீட்டில் இருந்துகொண்டே யாருக்கும் எட்டாதவராக இருக்கலாம். மச்சு வீட்டில் இருந்தும் எல்லோருக்கும் எட்டுகிறவராக இருக்கலாம்.

இதற்கு இந்த மண்ணிலேயே நூறாண்டுக்கு முந்தைய சான்று இருக்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிலம் கொடுத்தவர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர், திறந்துவைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார், நடத்த வந்தவர் ராஜாஜி. சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து, ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலை விட்டவர் அவர். சேலத்து வீட்டில் இருந்தபடியே ஆசிரமத்துக்குப் போய்வந்து மேற்பார்வை பார்த்திருக்க முடியும். அந்த வழி வேண்டாம் என்று தாயில்லாத பிள்ளைகளோடு அங்கேயே குடியேறினார். மழை பொய்த்தால் பிழைப்பு போய்விடும் வறண்ட பகுதி அது. வயல்வேலை இல்லாத பெண்களுக்கு ராட்டை கொடுத்து, நூலை வாங்கி, நெய்ய வைத்து, துணியை விற்பது ஆசிரமத்தின் முதல் வேலையாக இருந்தது. மருந்து கொடுப்பது, கிணறு தோண்டுவது, கள்ளுக்கு எதிரான பிரசாரம் ஆகியவை அதைச் சுற்றி வளர்ந்தன. 1929-இல் மதுவிலக்குக்காகவே அங்கிருந்து 'விமோசனம்' என்ற இதழ் வந்தது. அதில் உழைக்க வந்து ஆசிரமத்தில் குடியிருந்தவர்தான் பின்னாளில் தமிழகமே அறிந்த கல்கி.

நூல் வாங்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், என் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நூற்பவருக்குப் பஞ்சு கொடுக்கிறோம். அவர் நூற்று, சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவருகிறார். சிட்டம் தராசில் ஏறுகிறது. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நூலின் நம்பர்: இருபது நின்றால் இருபதாம் நம்பர். நம்பர் கூடினால் நூல் சன்னம், கூலி அதிகம். இதோடு முடிவதில்லை. இழை ஒரே சீராக இருக்கிறதா, முறுக்குப் போதுமா, இழுத்தால் அறுகிறதா என்று விரலால் பார்ப்பது வாங்குகிறவரின் தீர்ப்பு. ஈரம் பட்ட நூல் கூடுதலாக எடை காட்டும். கொடுத்த பஞ்சுக்கும் வந்த நூலுக்கும் இடையில் கழிவு எவ்வளவு என்பதில் எப்போதும் வழக்கு வரும். அணாக் கணக்கில் கூலி வாங்கிய பெண்ணுக்குத் தராசு முள்ளின் சிறு அசைவுகூட அன்றைய உப்பும் மிளகாயும். அவளுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வாள்? தராசு பிடித்தவர் அவள் நடக்கும் வழியில் நடப்பவராக, அவள் போகும் சந்தைக்குப் போகிறவராக இருந்தால், அன்று விட்டாலும் மறுநாள் கேட்டுவிடுவாள். "ஏனுங்க, போன வாரத்தைக்கு இந்த வாரம் கொறைஞ்சிருக்குதுங்களே?" என்ற ஒரு வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எடை முடிந்ததும் வண்டியேறிப் போகிறவராக இருந்தால் அவள் கேட்கவே மாட்டாள். அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவாள். அவள் ஏன் வரவில்லை என்பது எந்த அறிக்கையிலும் ஏறாது. பயனாளிகளிடம் ஆர்வம் குறைந்தது என்றுதான் எழுதப்படும். வெளியிலிருந்து வந்துபோய் நடத்தப்படும் திட்டங்களின் அறிக்கைகளில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், கேட்காமல் போன கேள்விகளின் எண்ணிக்கை அது என்றே எனக்குப் படுகிறது.

அந்த ஆசிரமத்தின் தொடக்க காலத்தில் உடனிருந்து உழைத்த க. சந்தானம், விடுதலைக்குப் பின் மத்திய அமைச்சராகி, 1960களின் தொடக்கத்தில் ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அந்தக் குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. பஞ்சுக்கும் நூலுக்கும் கணக்குச் சொல்லும் வாழ்க்கைதான் அதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குறை கேட்க ஒரு வாசல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். அது பெரிய மனிதரின் ஆசிரமம். ஏழைப் பெண்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்களே தவிரக் கேள்வியா கேட்டிருப்பார்கள்? மரியாதை கேள்வியை அடைத்துவிடும் என்பது உண்மை. இன்றும் படித்த தொண்டர் ஒருவர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். அவர் சொல்வதற்கெல்லாம் "சரிங்க" என்கிறார்கள். இதற்கு மாற்று, நம் வேலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஓர் அளவு இருக்க வேண்டும் என்பதே. தராசு அப்படிப்பட்டது. ரத்தச் சோதனைச் சீட்டு, சேமிப்புக் கணக்கு நோட்டு, பிள்ளை வாசித்துக் காட்டும் ஒரு பக்கம் ஆகியவையும் அப்படிப்பட்டவை. 'விழிப்புணர்வு' என்ற வேலைக்கு அளவு கிடையாது. அதில் எவரும் நம்மைத் தவறென்று காட்ட முடியாது. ஆகவே புதிதாக வருகிறவர்களிடம் விழிப்புணர்வு வேலையை மட்டும் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது.

குடியிருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. காந்தி ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள். சுற்றியிருந்த சாதி இந்துக்களுக்கு அது உறுத்தியது. சமத்துவம் பேசிவிட்டு மாலை டவுன் பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு அந்த உறுத்தல் தெரியவே தெரியாது. குடியிருப்பவர்தான் பால் வாங்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், நோய்நொடியில் அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டும். தன் கருத்துக்கு விலை கொடுக்கிறவரின் கருத்துக்குத்தான் ஊரில் எடை இருக்கிறது.

இன்றைய நிலைமையும் அதிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை. எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டால், பேரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க எந்த ஊருங்க? அங்க யாரு வகை?" என்று சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்பார்கள். ஊருக்குள் வீடு கிடைத்தால் காலனிக்காரர்கள் நம் திண்ணையில் உட்காரத் தயங்குவார்கள்; வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர்களே தெருமுனையில் நின்று செல்போனில் கூப்பிடுவார்கள். காலனியில் வீடு பிடித்தால் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள், ஆண்கள் டீக்கடையில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்பார்கள். இரு பக்கமும் சமமாக இருக்கும் நடு இடம் என்று ஒன்று கிடையாது. என் முடிவு, காலனியிலோ, காலனிக்காரர் எவரையும் கேட்காமல் உள்ளே வரக்கூடிய இடத்திலோ குடியிருப்பது. ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்ல வேறு வாசல்கள் பல உண்டு: தலைவர் வீடு, சொசைட்டி, கட்சிக்காரர், வக்கீல். மற்றவர்களுக்கு அவ்வளவு வாசல் இல்லை. இதனால் ஊரின் ஒரு பாதி நம்மைவிட்டு விலகும் என்ற கவலை நியாயமானதே. விலகியவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில், மருத்துவமனைச் சீட்டையோ வங்கித் தாளையோ படித்துச் சொல்ல ஆள் தேடி வந்துவிடுகிறார்கள். எதிர்த்திசையில், ஊருக்குள் குடியிருந்து காலனியின் நம்பிக்கையைப் பெறுவது இதைவிட மிகக் கடினம்.

காலம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல்லிலிருந்து பார்த்தாலே தெரியும் கொல்லிமலையில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலத் தம்பதி குடியேறினார்கள். மதம் பரப்ப வந்தவர்கள் அவர்கள். அதை மறைக்கத் தேவையில்லை. தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை கண்டு உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் அங்கே பிறந்த அவர்களுடைய மகன். தந்தை நரம்புச் சிலந்தி நோய்க்கு வைத்தியம் பார்த்ததைச் சிறுவனாக இருந்து கண்டவர் அவர். அந்த நோய் தண்ணீரில் வருவது. நுண்ணிய நீர்ப்பூச்சியோடு சேர்த்துக் குடித்துவிட்டால், ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து, சுமார் ஒரு மீட்டர் நீளம்வரை உள்ள புழு தலைகாட்டும். அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்கு ஓரிரு அங்குலம், நோயாளி துடிக்காத அளவுக்கு இழுத்து, குச்சியைக் காலோடு கட்டிவைத்து, மறுநாள் மறுபடி சுற்ற வேண்டும். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றுத் தண்ணீரில் காலை வைத்தால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்து, அடுத்த ஆண்டு ஊருக்கே நோய் வரும். ஆகவே வைத்தியம் பாதிதான். கிணற்றில் கால் படாமல் இறைக்கவும் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் பழக்குவது மறுபாதி. பழக்கியது பலித்ததா என்பதை அறிய ஓராண்டு காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை முகாம் போட வருகிறவர் இந்தப் புழுவை எடுக்கவே முடியாது. ஆறு மாதத்துக்கு வருகிறவர் தன் வேலை பலித்ததா என்பதை அறியவே மாட்டார். இந்தியா 2000-ஆம் ஆண்டில் இந்த நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி இல்லாமல், முக்கியமாகத் தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றியே அடைந்த வெற்றி அது. ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். எவலின், சபை ஓய்வு கொடுத்த பிறகும் மலைகளை விடாமல், 1974-இல் சாகும்வரை இங்கேயே இருந்தார்.

குறுகிய காலத் தொண்டு சில வேளை தீங்கும் செய்கிறது. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கிடந்தது உலகுக்குத் தெரியவந்தது. மேற்கு நாடுகளிலிருந்து தொண்டர்கள் திரண்டு போனார்கள். உணவும் மருந்தும் துணியும் உயிர் காத்தன, அதில் ஐயமில்லை. ஆனால் பலர் சில வாரம் இருந்து, குழந்தையைத் தூக்கி வளர்த்து, பாசம் ஒட்டிய நேரத்தில் ஊர் திரும்பினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு என்ன தேவைப்பட்டது என்பதை 2000-இல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு காட்டியது. விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவும் ஒட்டுதலும் தேறின, இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகமாகத் தேறினார்கள். நாள்தோறும் மாறாமல் இருக்கும் ஒரே முகம் குழந்தைக்கு மருந்துபோல வேலை செய்தது. பெரியவர்கள் குழந்தைகள் அல்ல. ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்வதில் அவர்களும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் வலுவான எதிர்வாதம் ஒன்று மதுவிலக்கிலிருந்து வருகிறது. கூடவே குடியிருந்து பார்த்த ஒருவர்தானே, தாம் கண்டதையே எல்லோருக்கும் சட்டமாக்கினார்? சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1-இல் நாட்டிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். கலெக்டர் டிக்சன் முனைந்து நடத்தினார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. ஒழுக்கத்தை மேலிருந்து திணித்தார் என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடவில்லை. கூலியை வீட்டுக்குக் கொண்டுவராத கணவனால் அடிபட்ட பெண்களின் நிலையைப் புதுப்பாளையத்தில் கண்ணெதிரே பார்த்த அறிவு அந்தச் சட்டத்தில் இருந்தது. அது வெற்றுக் கொள்கையிலிருந்து வந்த சட்டமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒன்று மாறிவிட்டிருந்தது. ஆசிரமத்தில் இருந்தவரிடம் பனையேறி ஒருவர் நடந்துவந்து, "எங்க வயித்துக்கு என்ன வழி?" என்று கேட்க முடியும். கோட்டையில் இருந்த பிரதமரிடம் அவர் அதைக் கேட்க முடியாது. மனிதரும் நம்பிக்கையும் ஒன்றுதான், தூரம் வேறு. இந்த எதிர்வாதம் என் கருத்தைக் குலைப்பதாக நான் நினைக்கவில்லை. கிராமத்தில் கற்றதை அதிகாரத்துக்கு எடுத்துப் போகிறவர்கள், கேள்வி கேட்கும் வாசலையும் கூட எடுத்துப் போக வேண்டும் என்றே அது சொல்கிறது.

இப்போது அரசே வீடு தேடி வருகிறதே, தொண்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டுவருகிறது. 108 வண்டி வருகிறது. மகிழ்ச்சி. இந்த வேலைகளைத் தொண்டர் மீண்டும் செய்வது வீண். ஆனால் அதே ஆண்டில் வந்த இல்லம் தேடிக் கல்வி எப்படி அமைக்கப்பட்டது என்று பாருங்கள்: மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே, பெரும்பாலும் பெண்கள், மாலையில் தம் வீட்டருகே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் தாய் கேட்பது அடுத்த வீட்டில். அரசு தேர்ந்ததும் அருகில் குடியிருப்பவரைத்தான். வெளியூர்க்காரரைவிட உள்ளூர்க்காரரே மேல் என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆம், மேல்தான். நாமக்கல்லில் எச்.ஐ.வி. பரவல் கடுமையாக இருந்த காலத்தில், பாதிக்கப்பட்டவர்களே சங்கம் சேர்ந்து ஒருவருக்கொருவர் துணை நின்றதை எந்த வெளியூர் நிபுணரும் செய்திருக்க முடியாது. உள்ளூர்க்காரருக்கும் ஒரு தடை உண்டு: பங்காளிச் சண்டை, சாதி, கடன் ஆகியவை அவரைக் கட்டிப்போடும். தறிக்கூடத்துக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், அந்தத் தறிக்கூடத்தில் வேலை செய்யும் இன்னொருவரின் முன்பணத்தைப் பற்றி வாய்திறப்பது எளிதல்ல.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பகுதியில் இந்த முன்பணம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் விஷயம். கல்யாணம், பிரசவம், வைத்தியம் என்று வாங்கியது கூலியில் கழிந்தபாடில்லை. கடன் தீராமல் வேறு கூடத்துக்கும் போக முடியாது. பள்ளிபாளையம் பக்கம் கடனுக்காகத் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்திகள் திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கின்றன. எந்த முகாமிலும், எந்தப் படிவத்திலும் ஒருவர் இதைச் சொல்ல மாட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தூசியைக் கழுவி, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பக்கத்துத் தெருவில் விளக்கு எரியும் வீட்டுக்கு வந்து வேறு எதையோ பேசி, கடைசியில்தான் சொல்வார். அந்த நேரத்தில் சேலத்துக்குத் திரும்பிவிட்ட ஜீப் எதையும் கேட்காது. செல்போன் இருக்கிறதே என்றால், கடனாளியின் பேச்சை வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆக, செலவைப் பற்றிப் பேசியாக வேண்டும். குடியிருந்து செய்யும் தொண்டு மலிவானது என்ற எண்ணத்தில் சில நிறுவனங்கள் இளைஞர்களைப் பட்டினிச் சம்பளத்தில் அனுப்புகின்றன. தொண்டருக்கும் தாய் தந்தை உண்டு, கல்யாணம் உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு. சோற்றுக்கு ஊரை நம்பியிருக்கிறவர் ஊரில் எவரையும் பகைத்துக்கொள்ள முடியாது. மளிகைக் கடையில் கடன் வைத்தவர் அந்தக் கடைக்காரரின் வட்டியைப் பற்றிப் பேச முடியாது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்டிலிங்கியில் 1993 முதல் வாழும் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி குடிசையில் தொடங்கினார்கள். ஆனால் நிலைத்தது, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றிச் சம்பளம் கொடுத்து வேலையில் வைத்ததால். நல்ல சம்பளம், கழிப்பறையுள்ள வீடு, வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பு ஆகியவை இல்லாமல் யாரையும் கிராமத்தில் குடியேறச் சொல்லக் கூடாது. நிதி கொடுப்பவர்கள் வண்டிக்கும் டீசலுக்கும் கேட்டால் தயங்காமல் தருகிறார்கள், வாடகைக்குக் கேட்டால் யோசிக்கிறார்கள். அந்தப் பழக்கம் மாற வேண்டும். குறைந்தது மூன்று வருடத்துக்கு வாடகையை உறுதி செய்துவிட்டுத்தான் ஓர் ஊரில் வேலை தொடங்க வேண்டும். தொண்டர் மாறும்போது, பழையவரும் புதியவரும் ஒரு மாதமாவது அந்த வீட்டில் சேர்ந்து இருக்க வேண்டும். யார் எந்த நேரத்தில், எந்தச் சாக்கில், எதைச் சொல்ல வருவார்கள் என்பது எந்த நோட்டிலும் எழுதிவைக்கக் கூடியதல்ல. பழையவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும்.